கை நாடி பார்த்தேன், கால் நாடி பார்க்கவில்லை

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சித்த மருத்துவப் பிரிவில் நான் இருந்த காலத்தில் வந்த நோயாளி இவர். பெயர், தெரு, ஆண்டு மூன்றையும் விட்டுவிடுகிறேன். மூலிகை எண்ணெய் ரத்தக் குழாயை என்ன செய்யும் என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவருடைய வலது கால்தான். எண்ணெய் செய்யக்கூடிய நல்லதும் கெட்டதும் அந்த ஒரே காலில் தெரிந்தன. நான் செய்த தவறும் அதில் இருக்கிறது.

முதல் வருகை

மார்கழி மாதம். வேலூரை வெயிலூர் என்று சொல்லிச் சொல்லியே இங்கே குளிரும் உண்டு என்பது நமக்கு மறந்துவிடும். கௌண்டன்ய ஆற்றங்கரை ஊர்களில் டிசம்பர் விடியற்காலை நன்றாகவே நடுக்கும்.

அவருக்கு வயது 38. குழித்தறியில் லுங்கி நெய்கிறவர். மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறார். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்தில் இது அபூர்வமான குடும்பம் இல்லை. ஒரு தெருவில் பத்து வீடு இப்படித்தான்.

"டாக்டரம்மா, பாதத்துல நரம்பு இஸ்துக்குது. தறி மிதிச்சா அர மணி நேரம் தாங்க மாட்டேங்குது. கால் ஐஸ் கட்டியாட்டம் கீது."

வலி எங்கே என்று கேட்டேன். உள்ளங்கால் வளைவைத் தடவிக் காட்டினார். மிதிகட்டையை மாற்றி மாற்றி அழுத்தும்போது பிடிக்கும், இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டால் விட்டுவிடும், மறுபடி மிதித்தால் மறுபடி பிடிக்கும். ராத்திரியில் கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கப் போட்டுத் தூங்குகிறார். இன்னொன்றும் சொன்னார்: ஆறு மாதத்துக்கு முன்னால் ஆடுசதையில் கயிறு மாதிரி ஒன்று சிவந்து தடித்து வலித்தது, தானே போனது, பிறகு கணுக்காலுக்கு மேலே அதே மாதிரி வந்தது. "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தேய்த்துவிட்டாராம்.

இப்போது இதை எழுதும்போது ஒவ்வொரு வாக்கியமும் நோயின் பெயரைக் கூவிச் சொல்வது போல இருக்கிறது. அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை. வெளியே வரிசை நின்றது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தேன், வாதம் மிகுந்திருந்தது, குளிர்காலம், நாள் முழுக்கக் குழிக்குள் உட்கார்ந்து வேலை. வாத நோய் என்று எழுதினேன். கற்பூரத் தைலம் கொடுத்து, இளஞ்சூடாகத் தேய்த்து, எருக்கிலையை வாட்டி ஒற்றடம் கொடுக்கச் சொன்னேன். எல்லாம் சேர்ந்து ஏழு நிமிடம் இருக்கும்.

பீடி பிடிப்பீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு, 15 வயதிலிருந்து.

மூன்று வாரம் கழித்து

திரும்பி வந்தபோது வலது பெருவிரல் நுனி கறுத்திருந்தது. பாதத்தின் மேற்புறத்தில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குக் கொப்புளம் உடைந்த புண்.

நடந்தது இதுதான். நான் கொடுத்த எண்ணெயைத் தேய்த்ததும் ஒரு மணி நேரம் கால் கதகதவென்று இருந்திருக்கிறது. தோலும் சிவந்திருக்கிறது. "ரத்தம் ஓடுது பாரு" என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு மணி நேரம் போனதும் பழையபடி ஐஸ் கட்டி. அப்படியானால் இன்னும் காரமான எண்ணெய் வேண்டும் என்று வேலூர் போய், லாங் பஜாரில் நாட்டு மருந்துக் கடை ஒன்றில் கேட்டு வாங்கியிருக்கிறார். கற்பூரம், புதினா உப்பு, ஓம உப்பு மூன்றையும் ஒரு சீசாவில் போட்டால் அடுப்பே இல்லாமல் தானாக உருகி நீராகிவிடும். நம் பக்கத்தில் பல வீடுகளில் தெரிந்த வித்தை அது. அதோடு நீலகிரித் தைலமும் விண்டர்கிரீன் எண்ணெயும் கலந்து கொடுத்திருக்கிறார்கள். அதைத் தேய்த்து, மேலே செங்கல்லை அடுப்பில் காய்ச்சித் துணியில் சுற்றி ஒற்றடம். செங்கல் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. கால் அந்த அளவுக்கு மரத்துப்போயிருந்தது.

பக்கத்து அறையிலிருந்த மெடிக்கல் ஆபீசரைக் கூப்பிட்டேன். அவர் புண்ணைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தார், பிறகு உள்கணுக்காலுக்குப் பின்னால் வைத்தார், பிறகு என் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தார். ஒன்றும் துடிக்கவில்லை. இடது காலில் மெல்லியதாக ஒரு துடிப்பு இருந்தது. வலதில் சுவரைத் தொட்ட மாதிரி.

சித்த மருத்துவ நூல்கள் நாடி பார்க்கப் பத்து இடம் சொல்கின்றன. கை அதில் ஒன்று. பட்டியலில் முதலில் வருவது குதிச்சந்து, அதாவது குதிகாலையும் கணுக்காலையும் ஒட்டிய இடம். இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் படித்து முடித்து வெளியே வந்தபின் மணிக்கட்டைத் தவிர வேறு இடத்தில் யாருக்கும் நாடி பார்த்ததில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சோதனைகள்

வேலூரில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். கையில் எடுத்த ரத்த அழுத்தத்தின் மேல் எண் 124. வலது கணுக்காலில் டாப்ளர் (ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் கண்டறியும் கருவி) வைத்து எடுத்தது 56. இரண்டையும் வகுத்தால் 0.45. நல்ல காலில் இந்த விகிதம் 1-க்குக் கீழே அதிகம் இறங்காது, 0.9-க்குக் குறைந்தாலே குழாயில் அடைப்பு என்று அர்த்தம். இடது காலில் 102, அதாவது 0.82. தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த கால் அது.

சர்க்கரை இல்லை. கொழுப்பு சரியாக இருந்தது. மூட்டுவாத வகைச் சோதனைகளும் சுத்தம். கையை முஷ்டி பிடிக்க வைத்து, மணிக்கட்டின் இரண்டு தமனிகளையும் (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்களையும்) அழுத்தி, ஒன்றை மட்டும் விட்டு உள்ளங்கை எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்க்கும் ஆலன் சோதனையில் வலது கையும் தேறவில்லை. சி.டி. ஆஞ்சியோ படத்தில் முழங்கால் வரை குழாய் வழவழவென்று இருந்தது. அதற்குக் கீழே இரண்டு முக்கியத் தமனிகள் திடீரென்று நின்றுபோயின. நின்ற இடத்தைச் சுற்றி, பாட்டில் மூடி திறக்கும் திருகு போல, சுருள் சுருளாகச் சின்னக் குழாய்கள்.

பியூர்கர் நோய். 1879-இல் வினிவார்ட்டர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1908-இல் நியூயார்க்கில் லியோ பியூர்கர், வெட்டி எடுக்கப்பட்ட கால்களைச் சோதித்து இதைத் தனி நோயாக வகுத்தார். 50 வயதுக்கு முன்னால் தொடங்குவது, புகையிலைப் பழக்கம், முழங்காலுக்குக் கீழே அடைப்பு, கையும் சேர்ந்து பாதிக்கப்படுவது அல்லது சிரைகள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்கள்) இடம் மாறி மாறி வீங்குவது, சர்க்கரை கொழுப்பு போன்ற மற்றக் காரணங்கள் இல்லாமை: ஜப்பானிய மருத்துவர் ஷியோனோயா வகுத்த இந்த ஐந்தும் இவருக்கு அப்படியே பொருந்தின. வழக்கமான மாரடைப்பு வகை அடைப்பில் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்திருக்கும். இதில் அப்படி இல்லை. சுவர் அழற்சியோடு சேர்ந்து, உள்ளே செல்கள் நிறைந்த ரத்தக்கட்டி அடைத்துக்கொள்ளும். பீடிப் புகை கூடுதலாக இருக்கும் நாடுகளில் இந்த நோயும் கூடுதல். பீடி மெலிந்தது, அதனால் சாது என்று நினைக்கிறோம். அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் சிகரெட்டைவிட அதிக நிகோடினும் தாரும் உள்ளே போகும்.

சிவந்ததே, அது என்ன?

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கினேன். தோல் சிவக்கிறது, கதகதப்பாகிறது. அப்படியானால் ரத்த ஓட்டம் கூடியிருக்கிறது. அது பொய்யும் இல்லை. எந்தக் குழாயில் கூடியது என்பதுதான் கேள்வி.

உங்கள் முன்கையில் நகத்தால் ஒரு கோடு அழுத்திக் கிழித்துப் பாருங்கள். சில நொடியில் கோடு சிவக்கும். பிறகு கோட்டுக்கு இரண்டு பக்கமும் சிவப்பு பரவும். சிலருக்குக் கோடு தடித்தும் விடும். தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1920-களில் இதை உட்கார்ந்து அலசினார். கோட்டுக்கு வெளியே பரவும் சிவப்பு, வலியை உணரும் நரம்பின் வேலை. நரம்பு நுனி தூண்டப்பட்டதும் செய்தி மூளைக்குப் போவது ஒருபுறம் இருக்க, பாதி வழியில் பக்கத்துக் கிளைக்குத் திரும்பி அங்கே உள்ள நுண்குழாய்களை விரிக்கும் ரசாயனத்தைக் கொட்டுகிறது. மிளகாய்க் காரம் பட்ட இடம் எரிந்து சிவப்பதும் இப்படித்தான். கற்பூரமும் ஓம உப்பும் கிட்டத்தட்ட இதே வாசலைத் தட்டுகின்றன. சூட்டை உணரும் நரம்பு வாசல்களை அவை திறந்துவிடுவதால், சூடே இல்லாமல் சூடு தெரிகிறது. புதினா உப்பு குளிர்ச்சியை உணரும் வாசலைத் திறக்கிறது. தோலின் வெப்பம் ஒரு டிகிரி இறங்காமலே ஜில்லென்று இருக்கும். அதே சமயம் தோலின் நுண்குழாய்கள் விரிகின்றன. ஜில்லென்று இருந்துகொண்டே தோல் சிவப்பதைப் பார்க்கலாம்; முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அது குழப்பமாகத்தான் இருக்கும்.

ஆக, எண்ணெயின் கதகதப்பு பெரும்பாலும் நரம்பு சொல்லும் செய்தி. தோலுக்கு உடனடியாகக் கீழே உள்ள, மயிரைப் போல் மெல்லிய குழாய்களில் நடக்கும் விரிவு. கணுக்காலுக்குள் ஓடும் தமனிக்கு அந்தச் செய்தி போவதில்லை. ஆரோக்கியமானவர்களின் தொடையைத் தேய்த்துவிட்டு டாப்ளரில் பார்த்த ஆய்வுகளில், தோல் சிவந்தாலும் தொடைத் தமனியின் ஓட்டம் சொல்லும்படி மாறவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. தோலைத் தாண்டி உள்ளே போக ஒரு பொருளின் மூலக்கூறு எடை 500-க்குள் இருக்க வேண்டும் என்று மருந்தியலில் ஒரு தோராய விதி. கற்பூரம் 152, புதினா உப்பு 156, விண்டர்கிரீன் எண்ணெயில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் 152. எல்லாம் சுலபமாக நுழைந்துவிடும். ஆனால் அவற்றைச் சுமக்கும் நல்லெண்ணெயின் கொழுப்பு மூலக்கூறு 880 அளவில் இருக்கும். அது தோலின் மேலேயே நின்று, வறட்சியைத் தடுத்து, தேய்க்கும் கையை வழுக்கவைக்கும். அவ்வளவுதான். நல்லெண்ணெயைச் சமையலில் சேர்த்துக்கொண்ட ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் குழாய் விரியும் திறன் முன்னேறியதாக ஆய்வு உண்டு. அது வயிற்றுக்குள் போன எண்ணெய். அதைக் காட்டிக் காலில் தேய்க்கும் எண்ணெய்க்கு நற்சான்று கொடுப்பது, ரேஷன் கார்டைக் காட்டி டிரைவிங் லைசென்ஸ் கேட்பது மாதிரி.

உரசலில் பிறந்த கண்டுபிடிப்பு

ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு படலம் இருக்கிறது. வெறும் பூச்சு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனியைத் துண்டு போட்டு மருந்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை விட்டால் குழாய் சில நேரம் சுருங்கியது, சில நேரம் விரிந்தது. துண்டைத் தயாரிக்கும்போது உட்புறத்தை எங்காவது உரசிவிட்டால் படலம் போய்விடுகிறது, அப்போதுதான் சுருங்குகிறது என்று கண்டார். படலம் இருந்தால் அது ஏதோ ஒன்றைச் சுரந்து, வெளியே உள்ள தசையைத் தளரச் சொல்கிறது. 1980-இல் இதை வெளியிட்டார். அந்த "ஏதோ ஒன்று" நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பிறகு தெரிந்தது. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு.

நம் மூலிகைச் சாறுகளும் வாசனை எண்ணெய்களும் எலியின் தமனி வளையத்தைத் தளர்த்துகின்றன என்று நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் வந்துகொண்டிருப்பது இந்த வழியில்தான். நீலகிரித் தைலத்தின் சினியோல், ஓமத்தின் தைமால், அதன் உறவான கார்வக்ரால், புதினா உப்பு எல்லாமே வளையத்தைத் தளர்த்துகின்றன. சில படலத்தின் மூலம், சில நேராகத் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து. பூண்டின் கந்தகச் சேர்மங்களை நம் சிவப்பணுக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றி, அதனால் குழாய் விரிகிறது என்று 2007-இல் காட்டினார்கள். எல்லாம் உண்மை. சித்த மருத்துவர் என்ற முறையில் எனக்குப் பெருமையும்தான்.

ஆனால் கண்ணாடிக் குடுவையில் தொங்கும் வளையம், மருந்துக் கரைசலில் முழுக முழுகக் குளிக்கிறது. நம் நோயாளியின் தமனி தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, தசைகளுக்கு நடுவில் இருக்கிறது. அது கிடக்கட்டும், தளர்த்துவதற்கு அங்கே என்ன இருக்கிறது? குழாய் சுருங்கியிருக்கவில்லை. உள்ளே கட்டி அடைத்திருக்கிறது. சாக்கடையில் செங்கல் கிடக்கும்போது குழாயின் வெளிப்புறத்தைத் தடவிக்கொடுத்த கதை. போதாததற்கு, பியூர்கர் நோயாளிகளுக்கு அடைப்பே இல்லாத கையில்கூட அந்த உட்படலம் சரியாக வேலை செய்வதில்லை என்று அளந்திருக்கிறார்கள். வாயுவைச் சுரக்க வேண்டிய இடமே நோயில் படுத்திருக்கிறது. அதை ஒவ்வொரு பீடியும் மேலும் நசுக்குகிறது.

அம்மாவின் பூண்டு எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. பூண்டை நசுக்கினால் ஒரு நொதி அதன் காரத்தை உண்டாக்கும். முழுப் பல்லாகக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் அந்த நொதி முதலில் செத்துவிடும். ஆக மிஞ்சியது பூண்டு மணமும் அம்மாவின் கையும். மூன்று எண்ணெய்களில் கெடுதல் குறைவானது அதுதான். ஆனால் அவர் தேய்த்த இடம் தப்பு. அது சிரையில் உட்கார்ந்திருந்த ரத்தக்கட்டி.

நரம்பு என்ற சொல்

நம் பேச்சில் நரம்பு என்றால் உணர்வு நரம்பும் அதுதான், புறங்கையில் நீலமாகத் தெரியும் சிரையும் அதுதான், குதிகாலுக்கு மேலே உள்ள நாணும் அதுதான். "நரம்பு இழுக்குது" என்று வருகிறவருக்குக் கழுத்தெலும்பு தேய்மானமோ, சுருள்சிரையோ, தமனி அடைப்போ எதுவும் இருக்கலாம். நோயாளி மேல் குற்றமில்லை. மொழி அவருக்குக் கொடுத்த சொல் அது. அதைப் பிரித்துக் கேட்க வேண்டியது என் வேலை. நடந்தால் வலி, நின்றால் போய்விடுகிறதா? காலைத் தொங்கவிட்டால் சுகமா, தூக்கி வைத்தால் சுகமா? சிரை நோய்க்காரர் காலைத் தலையணை மேல் வைத்தால் நிம்மதி என்பார். தமனி அடைத்தவர் தொங்கவிட்டால்தான் தூங்குவார், பூமி இழுப்பிலாவது கொஞ்சம் ரத்தம் இறங்கட்டும் என்று உடம்பே கண்டுபிடித்த வழி அது. சிவந்து தடித்த கயிறு என்றால் தேய்க்கவே கூடாது. ஆழமான சிரையிலும் கட்டி இருந்துவிட்டால், தேய்ப்பது அதைக் கிளப்பி நுரையீரலுக்கு அனுப்பலாம். தொக்கணம் என்ற சித்த மருத்துவத் தேய்ப்பு முறையைக் கற்ற ஒவ்வொருவரும் கையை வைப்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

செங்கல் செய்தது

ஒற்றடத்தின் கெடுதலை நான் நோயாளிகளுக்கு ஏரிப் பாசனம் வைத்துத்தான் சொல்வேன். நம் மாவட்டத்தில் அது எல்லோருக்கும் புரியும். தலைமதகு அடைத்துக்கொண்டது. வாய்க்காலில் கசிவுத் தண்ணீர் மட்டும் வருகிறது. அந்த நேரத்தில் கடைமடை வயல் வரப்பையெல்லாம் வெட்டித் திறந்தால் தண்ணீர் கூடுமா? இருக்கிற கசிவும் மேட்டில் பரவி, பயிரின் வேருக்குப் போகாது.

அடைப்புக்குக் கீழே உள்ள திசுக்கள் பசியில் இருப்பதால், அங்குள்ள நுண்குழாய்கள் ஏற்கெனவே முடிந்த மட்டும் விரிந்துதான் இருக்கும். எண்ணெய் வந்து புதிதாக விரிப்பதற்குப் பெரிதாக மிச்சமில்லை. சூடு வேறு ஒன்றைச் செய்கிறது: திசுவின் பசியைக் கூட்டுகிறது. ஒரு டிகிரி சூடு ஏறினால் பிராணவாயுத் தேவை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். நல்ல காலில் ரத்தம் அதற்கேற்பக் கூடும், சூட்டையும் வாரிக்கொண்டு போகும். ஓட்டம் இல்லாத காலில் இரண்டும் நடக்காது. சூடு வைத்த இடத்திலேயே தங்கி வேகவைக்கும். மரத்துப்போன தோல் எச்சரிக்கையும் கொடுக்காது. அதனால்தான் நல்ல காலுக்கு இதமான சூடு இந்தக் காலில் கொப்புளம் போட்டது.

என் எருக்கிலைக்கும் அவருடைய செங்கல்லுக்கும் இடையே இருந்தது சூட்டின் அளவு மட்டும்தான். பாதையை நான் காட்டினேன், அவர் நாலு அடி கூட நடந்துவிட்டார்.

விண்டர்கிரீன் எண்ணெய்க்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது, இவர் அதில் தப்பினார். அதன் 5 மில்லியில் சுமார் 7 கிராம் சாலிசிலேட். 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை 21-க்குச் சமம். தோல் வழியாக இதில் ஒரு பகுதி ரத்தத்துக்குள் போகிறது. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் மூட்டுவலிக்கு இதை வழிய வழியத் தேய்த்தால் ரத்தம் உறையும் நேரம் எகிறி, ரத்தக்கசிவு வரை போனதாக ஹாங்காங் முதல் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. பெயின் பாம் டப்பாக்களிலும் இதே சரக்குதான். மேலுக்குப் போடுவது தானே என்று யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை.

வைத்தியமும் பீடியும்

மருத்துவமனையில் ஆஸ்பிரினும், ரத்தக் குழாயை விரிக்கும் சிலோஸ்டசாலும் கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்னக் குழாய்கள் என்பதால் பைபாஸுக்கு இடமில்லை. புண்ணுக்கு உப்புநீர்க் கட்டு. பெருவிரல் நுனி தானாகக் காய்ந்து விழட்டும், கத்தி வைத்தால் அந்த வெட்டு ஆறவும் ரத்தம் வேண்டுமே என்றார் அறுவை மருத்துவர். எங்களிடம் ஆறாத புண்ணுக்கு மத்தன் தைலம் உண்டு. ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சும் பச்சை எண்ணெய். போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். ரத்தம் வராத புண்ணில் எந்த எண்ணெய் போட்டும் ஆறாது, வந்துவிட்டால் உப்புநீரே போதும் என்பது எனக்கும் தெரியும்.

பியூர்கர் நோய்க்கு வைத்தியம் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. புகையிலையை அடியோடு விடுவது. குறைப்பது செல்லாது. ஒரு நாளைக்கு ஒரு பீடியே நோயை உயிரோடு வைத்திருக்கப் போதும். வாயில் அடக்கும் புகையிலைக்கும் மாறக்கூடாது. மற்றப் புகைப் பழக்கக்காரர்களுக்குக் கொடுக்கும் நிகோடின் பட்டையும் சூயிங்கமும்கூட இவர்களுக்கு வேண்டாம் என்பார்கள், உள்ளே போவது அதே நிகோடின் என்பதால். விட்டவர்களின் கால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. விடாதவர்களுக்கு விரல், பாதம், முழங்கால் என்று தவணை முறையில் வெட்டு.

மனைவியை உட்காரவைத்துச் சொன்னேன். அவர் மடியில் முறம் வைத்து, தூள் போட்டு, இலை மடித்து, நூல் கட்டுவது ஒரே அறையில், கணவர் படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில்.

"பீடி சுத்தாம சோறு எங்கருந்து வரும் டாக்டரம்மா? இவரு ரெண்டு மாசமா தறிக்கே போவல."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மருந்துச் சீட்டில் எழுதக்கூடிய விஷயமும் இல்லை. பேசிப் பேசிக் கடைசியில் அவரே ஒரு வழி கண்டார். எதிர்வீட்டுத் திண்ணையில் நாலு பெண்களோடு உட்கார்ந்து சுற்றுவது, சுற்றிய கட்டை அங்கேயே வைத்துவிட்டு வருவது. கம்பெனியில் கொடுக்கும் கணக்கில் ஒரு பீடி குறைந்தாலும் கூலியில் பிடிப்பார்கள் என்பதால், இனி எண்ணி வைப்பேன் என்றார் கணவரைப் பார்த்து. அந்த மிரட்டலுக்கு என் அறிவுரையைவிட மதிப்பு இருந்தது.

பிறகு

ஐந்து வாரம் பீடி இல்லாமல் இருந்தார். மைத்துனர் கல்யாணத்தில் இரண்டு நாள் பிடித்தார். ஆறிக்கொண்டிருந்த பாதப் புண் அந்த வாரம் ஓரம் கறுத்தது, ராத்திரி வலி திரும்பியது. அவரே ஓடிவந்தார். அதற்குப் பிறகு தொடவில்லை என்கிறார்; மூச்சில் வாடை இல்லை, மனைவியும் ஆமோதிக்கிறார். பெருவிரல் நுனி மூன்றாம் மாதம் காய்ந்து விழுந்தது. பாதப் புண் மூட ஐந்து மாதம் ஆனது.

ஆறாவது மாதம் மறுபடி அளந்தபோது வலது கணுக்கால் 72, கை 126. விகிதம் 0.57. அடைத்த தமனி திறக்கவில்லை. மணல் மூடிய பாலாற்றில் தோண்டிய ஊற்றுக்கால் மாதிரி, பக்கக் கிளைகள் கொஞ்சம் அகன்றிருக்கின்றன. அதற்கு உதவியது தினசரி நடை. வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது. முதலில் அங்காளம்மன் கோயில் வரை போக மூன்று இடத்தில் நின்றவர், இப்போது ஒரே மூச்சில் போய்விடுகிறார். மிதிகட்டைத் தறியை விட்டுவிட்டு, விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்குப் போகிறார். கூலி குறைவு.

எண்ணெயை முழுக்க நிறுத்திவிட்டேனா என்று என் மாணவிகள் கேட்பார்கள். இல்லை. ரத்த ஓட்டம் குறைந்த காலில் தோல் வறண்டு குதிகால் வெடிக்கும், வெடிப்பில் கிருமி புகுந்தால் அதுவே அடுத்த புண். அதனால் அவருக்கு வெறும் தேங்காய் எண்ணெய் கொடுத்திருக்கிறேன். கற்பூரம் இல்லை, காரம் இல்லை, சூடு இல்லை. விரல் இடுக்கில் போடக்கூடாது, அழுத்தித் தேய்க்கக்கூடாது, குளித்துத் துடைத்ததும் பூசிவிட வேண்டும். அதைப் பூசும்போது காலைத் தினமும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவார் என்பதும் எனக்கு ஒரு கணக்கு.

"இதுல காரமே இல்லியேம்மா, இது இன்னா பண்ணும்?" என்று முதல் நாள் கேட்டார். குதிகால் வெடிக்காமல் வைத்திருக்கும் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை.

இப்போது என் மேஜைக்குப் பக்கத்தில் கால் வைக்க ஒரு சின்ன முக்காலி கிடக்கிறது. எந்த வலிக்கு வந்தாலும், எண்ணெய் எழுதுவதற்கு முன் செருப்பைக் கழற்றச் சொல்கிறேன். கடைசியாக அவர் வந்தபோது இடது பாதத்தில் துடிப்பு இருந்தது. வலது பாதத்தில் இன்னும் இல்லை, ஆனால் தொட்டால் முன்போல் சில்லிடவில்லை. இரண்டையும் சீட்டில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன்.